கல்லறையிலிருந்து வந்த நாய்க்கு ஒரு பெயர்

ஏலகிரி அடிவாரம்
6 நவம்பர் 2024

அன்பு மகள் கரோலுக்கு,

டாடி எழுதுவது. இங்கே நான் சுகம். சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் பாதிதான் வருகிறது, கை நடுக்கம் குறைந்திருக்கிறது. இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். உனக்குச் சளி விட்டதா? மம்மியின் முதுகு வலி எப்படி இருக்கிறது?

இது நான் உனக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. தபால்காரர் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தால், மம்மியின் கடிதங்கள் மட்டும் ஒழுங்காக வந்து சேர்கின்றன. குடியை விடுவதற்காக வந்த இந்த இல்லத்தில் ஆறு மாதத்துக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று சொன்னபோது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. போனில் பேசினால் நீ அரை நிமிடத்தில் மம்மியிடம் கொடுத்துவிடுவாய். கடிதத்தில் அந்த அரை நிமிடமும் போயிற்று.

மம்மி ஒரு சேதி எழுதியிருக்கிறாள். கல்லறைத் திருநாளன்று தாத்தாவின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டு நீங்கள் திரும்பியபோது, ஒரு கறுப்பு நாய்க்குட்டி அங்கிருந்து சாந்தோம் வரைக்கும் உன் பின்னாலேயே வந்துவிட்டதாமே! மூன்று தடவை விரட்டியும் போகவில்லையாம். 'உங்க அப்பாவே அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு' என்கிறாள். உன் தாத்தா அகஸ்டினுக்கு உயிரோடு இருந்தவரை நாய் என்றாலே ஆகாது. அங்கே போய் மனசு மாறியிருக்கலாம்.

கல்லறையிலிருந்து வந்த நாய்க்கு டாமி, ஜிம்மி என்று பெயர் வைத்தால் நன்றாகவா இருக்கும்? பேய்ப் பெயர்தான் வைக்க வேண்டும். பதினெட்டு வருடமாகத் தி. நகர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேய் சீரியல்களுக்குச் சத்தம் போட்டுப் பிழைக்கிறவன் நான். கதவு கிறீச்சிடுவதும் எலும்பு முறிவதும் வௌவால் பறப்பதும் எல்லாம் இந்தக் கைதான். இந்த விஷயத்தில் என்னை விட்டால் உனக்கு ஆள் ஏது? அந்த நாய்க்கு நானே ஞானத் தகப்பன். பெயர் வைக்கும் உரிமை எனக்குத்தான்.

ஒரு வரியாவது எழுது, கண்ணு.

உன் டாடி
ஃபிரெட்ரிக்

*

சாந்தோம்
17 நவம்பர் 2024

டாடிக்கு,

கரோல் எழுதுவது. சளி விட்டுவிட்டது. மம்மியின் முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் சுகமாக இருப்பது குறித்து மகிழ்ச்சி. மம்மி தமிழ் டீச்சர் என்பதால் கடிதத்தைப் பிழை திருத்தித்தான் அனுப்ப வேண்டும் என்றார். காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் சந்திப்பிழை இருக்கும்.

பேய்ப் பெயர் என்பது நல்ல யோசனை. அதற்காக மட்டும்தான் எழுதுகிறேன். ஆனால் பெயர் வைக்கப்போவது நான். அது என் பின்னால்தான் வந்தது, உங்கள் பின்னால் வரவில்லை. நீங்கள் பெயர்களை எழுதி அனுப்பலாம், நான் பார்த்துச் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கே பயம் வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்தால் போதாது.

நாய் உடம்பெல்லாம் கறுப்பு. இடது முன்னங்காலில் மட்டும் சாக்ஸ் போட்டதுபோல் வெள்ளை. ஒரு காது நிற்கும், இன்னொன்று நிற்காது. மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். யார் வந்தாலும் குரைப்பதில்லை. வருவது அதற்குத் தெரிவதே இல்லை. நீங்கள் போன மறுநாள் மம்மி கேட் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுவிட்டார். இப்போது சத்தமே வராது.

இப்படிக்கு,
கரோல் ஃபிரெட்ரிக்
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு

*

ஏலகிரி அடிவாரம்
24 நவம்பர் 2024

அன்பு மகள் கரோலுக்கு (எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு),

டாடியின் ஆசீர்வாதம். நான் நலமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து இன்னும் கொஞ்சம் நலம். அதை ஏழு தடவை படித்தேன். எட்டாவது தடவை வலியுல்லா பாய்க்குப் படித்துக் காட்டினேன். என் அறையில் இருப்பவர். ராயப்பேட்டையில் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர், வயது அறுபது இருக்கும். "பொண்ணு ரொம்ப கறாரா கீதே நைனா" என்றார். அவங்க அம்மா மாதிரி என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

நிபந்தனை ஒப்புக்கொள்ளப்பட்டது. இதோ பெயர்கள். முதலில் காட்டேரி. வாயில் ரத்தம் ஒழுக வருவது, குழந்தைகளைக் கண்டால் விடாது. அடுத்தது கொள்ளிவாய். வாயைத் திறந்தால் நெருப்பு. உன் நாய் கொட்டாவி விடும்போது இந்தப் பெயரைச் சொல்லிப் பார், பொருத்தமாக இருக்கும். மோகினி என்று வைக்கலாம் என்றால் அது ஆணா பெண்ணா என்று நீ எழுதவில்லை. முனி என்றும் ஒன்று உண்டு. புளியமரத்தை விட்டு இறங்காது, இறங்கினால் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் போகும்.

பாயிடமும் கேட்டேன். "ஜின்னுன்னு வெய்யி, சின்ன பேரு, கூப்பிட சுலுவு" என்றார். சொல்லி முடித்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் கடையில் விற்கும் வேறு ஒரு ஜின் ஞாபகம் வந்துவிட்டது. சிரித்துவிட்டு அந்தப் பெயரை அடித்துவிட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே. நாயையும் நனைய விடாதே.

டாடி

*

சாந்தோம்
9 டிசம்பர் 2024

டாடிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். புயல் மழையில் நான்கு நாள் பள்ளிக்கூடம் இல்லை. நாய் நனையவில்லை, நான்தான் நனைந்தேன். அங்கே குளிர் எப்படி இருக்கிறது? மம்மி ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறார்.

உங்கள் பெயர்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. காட்டேரி எலும்பைக் கடிக்கும் சத்தம் ஈரத்துணிக்குள் முருங்கைக்காயை முறிப்பது. ஆறு வயதில் ஸ்டுடியோவில் அந்த முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாம்பாரில் போட்டோம். கொள்ளிவாய்க்கு நீங்கள் அப்பளத்தை நொறுக்கினீர்கள். வௌவால் என்பது மம்மியின் பழைய குடை. எதிலிருந்து சத்தம் வருகிறது என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள். போய்விட்டது. எந்தப் பேய்க்கும் எனக்குப் பயம் இல்லை.

நாய் ஆண். அதனால் மோகினி வேண்டாம்.

முனியைப் பற்றி: பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கப் போனபோது டில்லிபாபு அண்ணன், "இன்னா பாப்பா, நாய்க்கு இன்னும் பேரு வெக்கலியா? ஒரு மாசமா பேரே இல்லாம சுத்திக்கினு கீது" என்றார். முனி என்று வைக்கலாமா என்று கேட்டேன். "எம் மச்சான் பேரு முனி. பொண்டாட்டி கத்துனா கட்டுமரத்துல ஏறி ஒளிஞ்சிக்குவான். அவனுக்கா பயப்படப் போற?" என்று சிரித்தார். ஒரு மத்தி மீன் சும்மா கொடுத்தார். நாய் அதைப் பார்த்துப் பயந்துவிட்டது.

வேறு எழுதி அனுப்புங்கள்.

கரோல்

*

ஏலகிரி அடிவாரம்
16 டிசம்பர் 2024

என் கண்ணு கரோலுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. அளவு பெரியதாகிவிட்டது, நான்தான் இளைத்திருக்கிறேன். நீ நலமா? கணக்கில் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்க மாட்டேன். ஆனால் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

என் வித்தையை வைத்தே என்னை மடக்குகிறாய். முருங்கைக்காயை உன் கையில் கொடுத்தது என் தப்புதான். சரி, சத்தமே இல்லாத பெயர்களாகப் பார்க்கிறேன். பிணவாடை. அமாவாசை. கபாலம். கடைசிப் பெயரை நானே அடித்துவிடுகிறேன். கூப்பிடக் கூப்பிட அது கபாலி ஆகிவிடும், மயிலாப்பூரில் நின்றுகொண்டு கபாலி என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்த்து 'இன்னா?' என்பார்கள், ஒருவரும் பயப்பட மாட்டார்கள்.

கிறிஸ்துமஸ் வருகிறது. வாசலில் நட்சத்திரம் கட்டிவிட்டீர்களா? அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடும், மம்மியை ஏறவிடாதே. போன வருடம் நான் கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ஜனவரியில் கட்டினேன். அதை இங்கே ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போது சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

ஜனவரி 12 ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வீட்டாரை அனுமதிப்பார்கள். மம்மி வருகிறாள். நீயும் வா. நாயை அழைத்துவர விடமாட்டார்கள், நானும் கேட்டுப் பார்த்தேன். அன்றைக்கு உன்னைப் பார்த்து மூன்று மாதம் ஆகிவிடும். எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

பாலன் இயேசு உன்னைக் காப்பாராக.

டாடி

*

சாந்தோம்
16 ஜனவரி 2025

அன்புள்ள டாடிக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று மம்மி வந்து சொன்னார். கன்னம் ஒட்டியிருக்கிறது, ஆனால் கண் தெளிவாக இருக்கிறது என்றார். நட்சத்திரத்தை நான்தான் கட்டினேன். மம்மி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

நான் வராததற்குக் காரணம் மம்மி சொல்லியிருப்பார். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை.

நாய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது. போன வாரம் வெறிநாய்க்கடி ஊசி போட அடையாறு டாக்டர் ஜெயலக்ஷ்மியிடம் கூட்டிப்போனோம். அவர் ஊசி அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு, "பேரு சொல்லும்மா" என்றார். இன்னும் வைக்கவில்லை என்றேன். "பேரு இல்லாத நாய்க்கு நான் அட்டை எழுத மாட்டேன். யோசிச்சுச் சொல்லு, நான் காத்திருக்கேன்" என்றார். பின்னால் ஒரு பூனையும் இரண்டு நாய்களும் காத்திருந்தன. எனக்கு ஒரு பெயர் வந்தது. சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "இதுவா பேரு?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மம்மி நாய்க்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தார். ஒன்றுதான் எப்போதும் கொடுப்பார்.

அது நீங்கள் எழுதிய பெயர்களில் ஒன்று அல்ல. ஆனால் நிபந்தனைக்குச் சரியாக வருகிறது.

கரோல்

*

ஏலகிரி அடிவாரம்
22 ஜனவரி 2025

என் செல்லத்துக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் மூவரும் நலமா? மூவர் என்று எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

போகிப் பண்டிகை அன்றைக்குக் கணக்குப் பரீட்சை வைத்த பள்ளிக்கூடம் உன்னுடையதாகத்தான் இருக்கும். பரவாயில்லை. மனசு வந்தபோது வா.

ஞானத் தகப்பனுக்கே பெயரைச் சொல்லாமல் வைத்திருப்பது என்ன நியாயம்? பெயர் வைத்தாகிவிட்டது என்று மம்மி வந்தபோதே சொன்னாள், துருவித் துருவிக் கேட்டேன். "அவளையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு முறுக்கு டப்பாவைத் திறந்தாள். அதற்குப் பிறகு முறுக்கைப் பற்றி மட்டும்தான் பேசினாள். பாயும் நானும் தினமும் ஆளுக்கொரு பெயர் சொல்லிப் பார்க்கிறோம். அவர் 'பிரின்சிபால்' என்கிறார். நான் 'அல்ஜீப்ரா' என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். மம்மியிடம் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஈஸ்டருக்கு என்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், வீட்டில் இருக்கும் பத்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும், இவர் வரலாம் என்று சொந்தக் கையெழுத்தில் அதில் எழுத வேண்டும். ஒருவர் எழுதாவிட்டாலும் இன்னும் மூன்று மாதம் இங்கேதான். ஏப்ரலுக்குள் எழுதினால் போதும். அவசரமில்லை. அவசரமில்லை என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு அவசரம்தான் கண்ணு. வீட்டுக்கு வர வேண்டும்போல் இருக்கிறது.

பெயரைச் சொல்.

டாடி

*

சாந்தோம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள டாடிக்கு,

இங்கே நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

நாயின் பெயர் பத்தரை.

எழுத்துப்பிழை இல்லை. ஒன்பதரை, பத்து, பத்தரை. அந்தப் பத்தரை.

கரோல்

*

ஏலகிரி அடிவாரம்
9 பிப்ரவரி 2025

என் செல்லக் கரோலுக்கு,

சுகமா? உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பத்தரையா! கல்லறையிலிருந்து வந்த நாய்க்குக் கடிகாரப் பெயரா! டாக்டர் இரண்டு தடவை கேட்டதில் தப்பே இல்லை. மதியச் சாப்பாட்டில் எல்லோருக்கும் சொன்னேன், சாப்பாட்டுக் கூடமே சிரித்தது. உன் பள்ளிக்கூடத்தில் பத்தரைக்குத்தான் கணக்கு வகுப்பா? இல்லை, பத்தரைக்குத்தான் தாத்தா ஆவியாக வந்து போகிறாரா? காரணத்தைச் சொன்னால் அடுத்த சீரியலுக்குக் கதையாகக் கொடுத்துவிடுவேன்.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. கடிகாரக்காரர் இல்லையா, நேரத்தை வைத்து விளையாடினால் பிடிக்காது போலிருக்கிறது.

பத்தரைக்கு என் அன்பு. தாளைப் பார்த்தாயா?

டாடி

*

சாந்தோம்
10 மார்ச் 2025

அன்புள்ள டாடிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இதை இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதத்துக்கு நான் எழுதிய பதிலைக் கிழித்துவிட்டேன். நீங்கள் சிரித்தது பிடிக்கவில்லை. பிறகு நீங்களே எழுதுவீர்கள் என்று பார்த்தேன். ஒரு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. மம்மிக்கும் இல்லை. சாம்பல் புதன் அன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மம்மி இல்லத்தின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நல்லாத்தான் இருக்கார் என்றார்களாம். எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்வார்கள்.

டாடி, நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்களா? கோபித்துக்கொண்டு கிளம்பிப் போய்விடவில்லையே? பெயரால்தான் என்றால் நாயை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அது சின்ன நாய்தான், மறந்துவிடும். உடனே எழுதுங்கள்.

கரோல்

பி.கு. நாய் நன்றாக இருக்கிறது. இரண்டாவது காதும் நிற்க ஆரம்பித்துவிட்டது.

*

ஏலகிரி அடிவாரம்
16 மார்ச் 2025

என் உயிர் கரோலுக்கு,

நான் இங்கேதான் இருக்கிறேன். எங்கும் போகவில்லை, ஒரு சொட்டும் தொடவில்லை. உன்னைப் பயப்பட வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுதத் தெரியாமல்தான் எழுதாமல் இருந்தேன். இதற்கு முன் ஆறு தாள் கிழித்தேன்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட அன்று பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடை எத்தினி மணிக்கு மூடுவான் நைனா?" என்று கேட்டார். பத்து என்றேன். "அங்கேர்ந்து நீ வூடு போய்ச் சேர?" அரை மணி என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். பாய் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "எங்க வூட்ல நாய் இல்ல. இருந்திருந்தா அதுக்குப் பேரு பதினொண்ணு" என்றார்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் சிரிக்கவைத்தேனே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. உன் பயத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது. கேட் தாழ்ப்பாள் ஒரு தடவை இடிக்கும், இரண்டாவது தடவைதான் திறக்கும். ஒரு செருப்பு தரையில் இழுபடும். பிறகு சாவி துவாரத்தைத் தேடிக் கதவைச் சுரண்டும். பதினெட்டு வருடம் தேங்காய்த் தொட்டியையும் குடையையும் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் பயம் காட்டியவன், தினமும் என் வீட்டு வாசலிலேயே அதைச் செய்திருக்கிறேன். மம்மி தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டாள் என்று நவம்பரிலேயே நீ எழுதினாய். அதைப் படித்துவிட்டு, 'நல்லது, துரு பிடித்திருந்தது' என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் பிறந்தநாளன்று கேக் வெட்ட நான் வரவில்லை. கடைசியில் வந்து சேர்ந்து சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. வாயால் விடும் சின்ன மூச்சு. அது யாருடையது என்று எனக்குத் தெரியும். கேட்பதுதானே என் தொழில். மறுநாள் தோசை சாப்பிடும்போது "நல்லாத் தூங்கினியாம்மா?" என்று கேட்டேன். "தூங்கினேன் டாடி" என்றாய். இரண்டு பேருமே பொய் சொன்னோம். உன் பொய் என்னைக் காப்பாற்றுவதற்காக. என்னுடையதும் என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

நாயின் பெயரை மாற்றாதே. நீ வைத்த பெயர் சரி. நான் எழுதிய பேய்கள் அத்தனையையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது.

தாளில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். எழுதாவிட்டால் கோபம் வராது. வருத்தம் வரும், அதை மறைக்க மாட்டேன். இன்னும் மூன்று மாதம் இருந்துவிட்டு மறுபடி கேட்பேன். நான் திரும்பி வந்தால் இனி என்றைக்கும் அப்படி வர மாட்டேன் என்று எழுத ஆசை. ஆனால் அந்த மாதிரி வாக்கு உனக்கு நிறையக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்குக் குடிக்கவில்லை. நேற்றும் குடிக்கவில்லை. இன்றோடு நூற்று ஐம்பத்தாறு நாள். இதுதான் என்னிடம் இருக்கிற உண்மை.

உன்மேல் உயிரையே வைத்திருக்கிற,
டாடி

*

சாந்தோம்
30 மார்ச் 2025

என் அன்புள்ள டாடிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் பாய் தாத்தாவும் சுகம்தானே? மம்மியின் முதுகு வலி குறைந்திருக்கிறது. நாய் தினமும் அவரைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போகிறது, அதனால் என்று மம்மியின் டாக்டர் சொல்கிறார். உங்கள் கடிதத்தை மம்மிக்கும் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மீதியைக் கேட்டார்.

நான் ஏன் அந்தப் பெயர் வைத்தேன் என்று நீங்கள் முழுவதும் கண்டுபிடிக்கவில்லை. உங்களைத் திட்டுவதற்காக வைக்கவில்லை. சத்தம் எதிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். அந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. நீங்கள் இல்லாதபோதுகூட, கேட்டுக்கு எண்ணெய் போட்ட பிறகுகூட, கடிகாரத்தில் பத்தரையைப் பார்த்தால் எழுந்து கதவருகே போய்க் காது கொடுத்துக் கேட்பேன். அதனால்தான் டாக்டர் கேட்டபோது அதைச் சொன்னேன். இப்போது ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பத்தரை என்று சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் ஒருவன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து முகத்தை நக்குகிறான். டில்லிபாபு அண்ணன்கூட, "பத்தரைக்கு இன்னாம்மா வேணும், தலையா வாலா?" என்று கேட்கிறார். முக்கால்வாசிப் பயம் போய்விட்டது. மீதிக் கால்வாசி இருக்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை.

தாளில் எழுதிவிட்டேன். 'டாடி வரலாம்' என்று எழுதியிருக்கிறேன். 'கட்டாயம் வர வேண்டும்' என்று மம்மி எழுதியிருக்கிறார், நான் அவ்வளவு எழுதவில்லை. வரலாம். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இன்று தபாலில் போகிறது.

ஒரு நிபந்தனை இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின நாள் காலையில் வாருங்கள், வெளிச்சத்தில். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடாதீர்கள். இப்போது அதில் சத்தம் வராது, நீங்கள் வந்தது எங்களுக்குத் தெரியாது. தெருவிலேயே நின்று நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முழுப் பெயரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். வெட்கப்படக் கூடாது. எதிரில் இருக்கும் மெஹபூப் பாஷா மாமா தையல் கடையிலிருந்து எட்டிப் பார்த்தாலும் கூப்பிட வேண்டும். உங்கள் குரலில் அந்தப் பெயர் எப்படி இருக்கிறது என்று நான் கேட்க வேண்டும்.

கதவுக்குப் பின்னால் நானும் அவனும் நிற்போம். தாழ்ப்பாளை நான் திறந்துவிடுவேன். அவன் முதலில் ஓடி வருவான், அவனுக்கு யாரைக் கண்டாலும் பயமில்லை. நான் கொஞ்சம் மெதுவாக வருவேன். ஆனால் வருவேன்.

உங்கள் மகள்
கரோல்